சேர்வராயன்: சீரிஸுக்குப் போகும் ஆறு பேர் கப்பல். ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்

ஆறரை இஞ்ச், சேலம்:

வணக்கம். சீரிஸ் என்ற குறுங்கோளுக்கு ஆறு பேர் விண்கப்பலில் போய்த் துளை போடுகிற கதை ஒன்றை இரண்டு வருடமாக எழுதுகிறேன், எட்டாவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை. கதை நன்றாகத்தான் இருக்கிறது, கப்பல்தான் நிற்க மாட்டேன் என்கிறது. கிராஃப் தாளில் பதினான்கு பக்கம் வரைந்துவிட்டேன். வீட்டில் காட்டினால் "கடைக் கணக்கை முடிச்சிட்டீங்களா" என்பார்கள். அதனால் இங்கே வந்தேன்.

நான் படித்தது ஐடிஐ. ஏழு வருடம் போர்வெல் ரிக் வண்டியில் இருந்தேன், ஹெல்பராக ஏறி டிரில்லராக இறங்கினேன். இப்போது மாமாங்கம் பக்கம் சின்னப் பட்டறை, போர்வெல் பிட்டுக்கு, அதாவது துளை போடும் முனைக்கு, பட்டன் என்கிற பற்களைத் தீட்டுவது தொழில். பட்டறைக்குப் பின்னால் வெள்ளைக்கல் மேடுதான். வெயில் நேரத்தில் அந்தப் பக்கம் பார்த்தால் கண் கூசும்.

சீரிஸைப் பிடித்ததற்கு அந்தக் கல்தான் காரணம். 2015இல் டான் விண்கலம் அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஆக்கேட்டர் என்ற பள்ளத்துக்குள் பளீரென்று வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. ஆராய்ந்ததில் பெரும்பகுதி சோடியம் கார்பனேட் என்றார்கள். எங்கள் வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். சொந்தக்காரர்கள் மாதிரிதான். அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கே சீரிஸ் எனக்கு ஓமலூர் ரோட்டில் இருக்கிற ஊராகிவிட்டது.

வானத்திலும் பார்த்திருக்கிறேன். ஏற்காட்டில் ஊர் வெளிச்சம் படாத இடமாகப் பார்த்துப் பைனாகுலரை ஸ்கூட்டர் சீட்டில் ஊன்றி, தெரிந்த புள்ளிகளையெல்லாம் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்துத் திரும்ப ஏறிப் போனேன். ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. 1801 ஜனவரி 1ஆம் தேதி இத்தாலியில் வானியலாளர் பியாஸி சீரிஸைக் கண்டுபிடித்ததும் இப்படி ஒரு புள்ளி நகர்ந்ததைப் பார்த்துத்தான்.

சரி, கப்பல். நீளம் 38 மீட்டர், ஆறு பேர். 200 கிலோவாட் மின்சாரம் தரும் அணு உலை ஒன்று. உந்துவதற்குத் தனியாக அணுவெப்ப எந்திரம், ஹைட்ரஜனைச் சூடாக்கிப் பின்னால் தள்ளும் வகை. குழு தூங்கவும் நடக்கவும் 6 மீட்டர் ஆரத்தில் சுழலும் வளையம், அதில் பூமியின் முழு எடை. கவச உடை போட்டு வெளியே போவது சுலபமாக இருக்கட்டும் என்று உள்ளே காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்கு. நடுவில் ரிக். 300 மீட்டர் ஆழம், 5 சென்டிமீட்டர் விட்டத்தில் கோர், அதாவது உருளையாக வெட்டி எடுக்கும் மாதிரி.

ரிக்கைப் பற்றி மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அதை யோசித்துத்தான் செய்திருக்கிறேன். இங்கே பிட்டை அழுத்துவது வண்டியின் எடை. 25 டன் வண்டியைச் சீரிஸில் நிறுத்தினால் சுமார் 700 கிலோ எடைதான் இருக்கும், ஈர்ப்பு நம்முடையதில் சுமார் 35இல் ஒரு பங்குதான். அழுத்தினால் பிட் இறங்காது, வண்டிதான் எழும்பும். அதனால் நான்கு மூலையிலும் திருகு ஆணி இறக்கி, அதைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்த வேண்டும். அடுத்தது, நாம் கம்ப்ரசர் காற்றை விட்டுத் தூளை மேலே ஊதுகிறோம். அங்கே காற்றுக்கு எங்கே போவது? தூளைத் திருகுத் தண்டால்தான் ஏற்றணும். மேல்மண்ணையும் நம்பக் கூடாது. 2020இல் பென்னு என்ற சிறுகோளில் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கை மண்ணைத் தொட்டதும் அரை மீட்டர் பொதுக்கென்று உள்ளே போனது. சீரிஸ் அதைவிட மிகப் பெரியது என்றாலும் துளைச் சுவர் சரியாமல் தாங்கும் கேசிங் பைப் இல்லாமல் நான் இறக்க மாட்டேன்.

பயப்படுவது ஒன்றுக்குத்தான். பிட் சூட்டில் பனி உருகும், நிறுத்தினால் திரும்ப உறைந்து, பிட்டை இறக்கும் இரும்புத் தண்டான ராடைக் கவ்விக்கொள்ளும். ராடு மாட்டுவது என்றால் என்ன என்று மத்தியப் பிரதேசத்தில் பார்த்திருக்கிறேன். 640 அடி, 32 ராடு உள்ளே. மேலே மண் சரிந்து மொத்தமும் நின்றுவிட்டது. ஏற்றவும் முடியவில்லை, சுற்றவும் முடியவில்லை. ஜாக்கியும் மாற்று ராடும் சப்போர்ட் லாரியில். லாரி டீசல் வாங்கப் போயிருந்தது, வழியில் பஞ்சராகி மறுநாள் மத்தியானம்தான் வந்தது. அதுவரை இன்ஜினை அணைக்காமல் அரை அங்குலம் மேலே, அரை அங்குலம் கீழே என்று அசைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்தக் காட்சியைக் கதையில் கட்டாயம் வைக்கணும்.

ரிக் தவிர மற்றதில் ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

லேசர்தம்பி:

அண்ணா செம. ஆனா துப்பாக்கி ஒண்ணுகூட இல்லையே? கேப்டன் ரூமுக்கு முன்னாடி பெரிய கண்ணாடியும் காணோம்.

ஆறரை இஞ்ச்:

தம்பி, அங்கே சுடுவதற்கு யாருமில்லை. டான் ஒன்றுதான் 2018இல் எரிபொருள் தீர்ந்து இன்னும் சீரிஸைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, பாவம். ரிக் வண்டியில் டிரில்லர் உட்காருவது முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இல்லை, துளைக்குப் பக்கத்தில். இங்கேயும் அப்படியே.

ஓய்வுபெற்ற ஊசல், அஸ்தம்பட்டி:

தம்பி, 31 வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். உங்கள் கப்பல் கிளம்பிய அன்றைக்கே வெந்துபோகும்.

200 கிலோவாட் மின்சாரம் வேண்டும், உலையின் திறன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 800 கிலோவாட் வீண் வெப்பம். விண்வெளியில் காற்று இல்லை, அதனால் கதிர்வீச்சாகத்தான் கழிக்க முடியும். உங்கள் படத்தில் அதற்கு ஒரு தகடுகூட இல்லை. 27 டிகிரியில் கழித்தால் இரண்டு பக்கமும் வீசும் தகடு சுமார் 970 சதுர மீட்டர் வேண்டும், அதாவது 24 சென்ட். சேலத்தில் வாங்கவே முடியாது. ஆனால் கதிர்வீச்சு வெப்பநிலையின் நாலாம் அடுக்கில் ஏறுகிறது. அதே தகட்டை 527 டிகிரியில் ஓட்டினால் 20 சதுர மீட்டர் போதும், அரை சென்ட். திரவ உலோகம் ஓடும் குழாய்கள் வேண்டியிருக்கும். இன்னொன்று. எந்தப் பொருளும் இருட்டில் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியத் தொடங்குவது ஏறக்குறைய இந்த வெப்பத்தில்தான். பட்டறைக்காரர், உங்களுக்கே தெரியும்.

பயன்படுத்திய மின்சாரமும் கடைசியில் வெப்பம்தான். குழு இருக்கும் அறைகளுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் 40 கிலோவாட் என்றால், அந்தச் சூட்டைக் கழிக்க அறை வெப்பத்தில் ஓடும் தகடு தனியாக ஒரு சென்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

அப்புறம் அந்த வளையம். 6 மீட்டர் ஆரத்தில் முழு எடை வர நிமிடத்துக்கு 12 சுற்று சுற்ற வேண்டும், ஐந்து நொடிக்கு ஒன்று. ஏற்காட்டு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னல் பக்கம் பாலிதீன் பையோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்களே, உங்கள் ஆறு பேரும் மூன்று வருடம் அப்படி இருப்பார்கள். நிற்கும்போது காலுக்கு முழு எடை, தலைக்கு 72 சதவீதம். குனிந்து செருப்பு எடுத்தாலே தலை சுற்றும். வளையத்தை எடுத்துவிடுங்கள்.

மெஸ் அக்கா, ஏற்காடு:

சார் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்த மூன்றில் ஒரு பங்கு காற்றைப் பற்றி நான் கேட்கணும். இங்கே மலையிலேயே தண்ணீர் 95 டிகிரியில் கொதித்துவிடுகிறது. கீழே சேலத்தில் வேகிற மாதிரி துவரம்பருப்பு இங்கே வேகாது. புதிதாக வந்த மாஸ்டர் ஒருத்தர் மூடியில்லாத அண்டாவில் பருப்பைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் அதன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பையனிடம் கேட்டேன், தேடிச் சொன்னான். 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் நீங்கள் எழுதின மாதிரிதான் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் வைத்திருந்தார்களாம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 72 டிகிரியிலேயே கொதிக்கும். அதில் அரிசி போட்டால் ஊறும், வேகாது. குக்கர் வைத்துச் சமாளிக்கலாம், இல்லை அழுத்தத்தை ஏற்றிவிடுங்கள். மூன்று வருடம் பொட்டலச் சாப்பாடு என்று மட்டும் சொல்லாதீங்க. அதுவும் லேசில்லை. இப்போது விண்வெளி நிலையத்தில் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு உறையோடு 1.8 கிலோ போகிறதாம், ஆறு பேருக்கு 38 மாதம் என்றால் 12 டன். பாதி எடை அதில் இருக்கிற தண்ணீரும் உறையும்தான். அரிசி, பருப்பு, ரவை, வற்றல் என்று உலர்ந்த சாமானாகக் கொண்டுபோனால் ஆளுக்கு முக்கால் கிலோ, ஐந்து டன்னில் முடித்துவிடலாம். தண்ணீரைத்தான் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்கிறார்களே. 2023இல் அங்கே 98 சதவீதம் மீட்டுவிட்டார்கள்.

தாளிக்கிறதை நினைச்சா மட்டும் பயமாக இருக்கிறது. எடையே இல்லாத இடத்தில் கடுகு வெடித்தால் எங்கே போய் நிற்கும்? மிளகாய் நெடிக்கு நெருப்பு அலாரம் அடிக்காதா? சமையலறையில் கொஞ்சமாவது எடை வேண்டும், கால்வாசி இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்காதீங்க. ரிக் வண்டி எங்கள் பக்கம் வந்தால் பின்னாடியே இன்னொரு லாரி வரும். அடுப்பு, அரிசி மூட்டை, படுக்கை எல்லாம் அதில்தான் இருக்கும். உங்கள் கப்பலுக்கு அந்த லாரி எங்கே?

ஆறரை இஞ்ச்:

அக்கா. இதைப் படித்துவிட்டுப் பத்து நிமிடம் எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருடத்தில் ஒருநாள்கூட ரிக் தனியாகப் போனதில்லை. மத்தியப் பிரதேசக் கதையை இங்கேயே எழுதிவிட்டு, சப்போர்ட் லாரியை வரைய மறந்திருக்கிறேன்.

கல்பொறுக்கி:

அண்ணா, நான் நிலவியல் படிக்கிறேன். உங்கள் பட்டறை இருக்கிற பக்கம்தான் எங்களை ஃபீல்டுக்குக் கூட்டிப்போவார்கள், திரும்பி வரும்போது ஷூவெல்லாம் மாவு மில்லுக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். அதனால் முதலில் தூசி. 1972இல் அப்பல்லோ 17இல் போன நிலவியலாளர் ஷ்மிட்டுக்கு நிலாத் தூசியில் தும்மலும் மூக்கடைப்பும் வந்தது. உடையைக் கப்பலுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். வெளிச் சுவரில் மாட்டியிருக்கட்டும், முதுகுப் பக்கக் கதவு வழியாக உள்ளிருந்தே அதில் நுழைந்துகொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது கோர் பெட்டியைப் பற்றி. உங்கள் பதினான்கு பக்கத்திலும் ரிக் இருக்கிறது, எடுத்த கோரை எங்கே வைப்பது என்று இல்லை. ஹயபுசா2 விண்கலம் ரியுகு என்ற சிறுகோளிலிருந்து கொண்டுவந்தது 5.4 கிராம். பென்னுவிலிருந்து வந்தது 121.6 கிராம். நீங்கள் 300 மீட்டர் எடுத்தால் முக்கால் டன் வரும்! மீட்டருக்கு ஒரு பெட்டி, மேல் கீழ் குறி, ஆழம் எழுதிய சீட்டு. ஒரு பெட்டி தலைகீழாகிவிட்டால் அந்த மீட்டர் செத்தது. போன செமஸ்டரில் நானே ஒரு தட்டைக் கீழே போட்டுவிட்டு, எந்தத் துண்டு எதற்கு மேல் என்று சாயங்காலம் வரை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

ஆக்கேட்டரில் நீர் சேர்ந்த உப்பும் இருக்கிறது. சூடுபட்டால் நீரை விட்டுவிட்டு வேறு உப்பாக மாறிவிடும். அதனால் பெட்டிகள் எப்போதும் நிழலில், உறைகுளிரிலேயே இருக்கணும். சார் சொல்கிற 527 டிகிரித் தகடு கண்ணில் படவே கூடாது. இரண்டும் ஒரே கப்பலில் வேண்டாம் என்பதற்கு இது எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது.

கதையில் பயிற்சிக் காட்சி வைக்கிறீர்களா? சந்திரயான்-2க்கு நிலா மண் மாதிரி செய்ய நாமக்கல் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையைத்தான் பொடித்தார்கள். உங்கள் ஆறு பேரும் வெள்ளைக்கல் குழியில் ஆணி இறக்கிப் பழகினால் நம்பும்படியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஊசல், அஸ்தம்பட்டி:

இரண்டு கப்பல் என்று ஆகிவிட்டால் எனக்குச் சந்தோஷம், வளையத்துக்கு வழி பிறந்துவிட்டது. இரண்டையும் 200 மீட்டர் கம்பிவடத்தால் கட்டி, நடுப்புள்ளியைச் சுற்றி நிமிடத்துக்கு இரண்டு சுற்று விடுங்கள். பூமி எடையில் 45 சதவீதம் வரும், தலை சுற்றாது, கடுகும் சட்டியிலேயே இருக்கும். 1966இல் ஜெமினி 11 விண்கலம் ஓர் அஜீனா கலத்தோடு 30 மீட்டர் கயிற்றில் கட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு கப்பலும் 40 டன் என்றால் வடத்தில் 18 டன் இழுவை, உங்கள் தொழிலில் அது புதிதில்லை. எந்திரம் ஓடும்போது சுழற்சியை நிறுத்தி வடத்தைச் சுருட்டிவிட வேண்டும். அணுவெப்ப எந்திரம் கொஞ்ச நேரம்தான் எரியும், மீதி 15 மாதமும் சும்மா மிதப்பதுதான், அதனால் பாதகமில்லை.

ஆனால் எரிபொருள் கணக்கு உதைக்கிறது. கிளம்ப நொடிக்கு 4.9 கிலோமீட்டர், அங்கே போய் நிற்க ஏறக்குறைய அதே, திரும்பிக் கிளம்ப இன்னொரு முறை அதே. மொத்தம் 15. இந்த எந்திரத்தில் ஒரு டன் கப்பலுக்கு 5 டன் ஹைட்ரஜன் ஆகும். திரும்புவதற்கான ஹைட்ரஜனை அங்கேயே பனியிலிருந்து பிரித்துக்கொண்டால் இரண்டேகால் டன்னில் முடியும். போர்வெல்காரர் தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டுக் குடிக்காமல் வருவதா?

விலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட் கரண்ட். கோள்கள் திரும்ப ஒழுங்காக நிற்கும்வரை நீங்கள் அங்கே தங்கப் போவது ஆறரை மாதம். ஒரு உலை அதில் 18 டன் பிரிக்கும், இரண்டு கப்பலின் உலையும் சேர்ந்து 36 டன். அதை வைத்துக்கொண்டு 45 டன்னைத்தான் திருப்பிக் கொண்டுவர முடியும். ரிக், ராடு, கேசிங் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வரணும்.

ஆறரை இஞ்ச்:

சார், ராடை விட்டுவிட்டு வா என்று ஒரு டிரில்லரிடம் சொல்கிறீர்கள். சரி, கதைக்கு அதுவும் வேண்டியதுதான். கடைசி ராடைக் கழற்றிக் கீழே வைக்கிற இடத்தில் ஒரு பக்கம் எழுதுவேன்.

நேற்று ராத்திரி பதினைந்தாவது தாளை எடுத்தேன். சேர்வராயனில் ரிக், ஆய்வுக்கூடம், நிழல் பக்கம் கோர் பெட்டிகள், சுவரில் தொங்கும் உடைகள். இன்னொரு கப்பலில் பனி பிரிக்கும் எந்திரம், ஐந்து டன் சாமான், மாற்று ராடு, ஜாக்கி. அழுத்தம் இரண்டிலும் பூமி அளவு, பருப்பு வேகட்டும். வெளியே போகிறவர்கள் முந்தின ராத்திரியே தனி அறையில் அழுத்தத்தைக் குறைத்துத் தூங்கிப் பழகிக்கொள்ளட்டும். சிவக்கும் தகடுகள் இரண்டு கப்பலுக்கும் வால்பக்கம், பெட்டிகளுக்கு விளிம்பை மட்டும் காட்டிக்கொண்டு. இருட்டில் அவை மங்கலாகச் சிவந்து வருவதைத் தனியாக வரைந்து வைத்திருக்கிறேன். ஸ்கேன் எடுத்ததும் போடுகிறேன்.

ரிக்கில் ஒரு வசதி உண்டு. தண்ணீர் பட்டாலும் படாவிட்டாலும் அடிக்கணக்கில் காசு வந்துவிடும். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் ராடை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். இங்கே அது நடக்காது. ஆக்கேட்டரில் உப்பு கிடைக்கும், பனி எத்தனை மீட்டருக்குக் கீழே என்று என்னால் உறுதியாக எழுத முடியாது. வடக்கே ஆக்ஸோ என்ற பள்ளத்தில் பனி வெளியிலேயே தெரிவதை டான் பார்த்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 800 கிலோமீட்டர்.

மெஸ் அக்கா, ஏற்காடு:

இரண்டாவது கப்பலுக்குப் பேர் வைத்தாச்சா? மேலே சேர்வராயன் கோவில் குகைக்குள்ளே குனிந்து போனால் சாமி ஒன்று மட்டும் இல்லையே. பக்கத்திலேயே காவேரி அம்மன்.

ஆறரை இஞ்ச்:

காவேரிதான் அக்கா, வேறென்ன.

எட்டாவது அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டாச்சு. புதுசு இப்படி ஆரம்பிக்கும்: ஆக்கேட்டரில் 190ஆவது மீட்டரில் ராடு மாட்டிக்கொள்கிறது. காவேரி பனி எடுக்க ஆக்ஸோவுக்குப் போயிருக்கிறது. வர இரண்டு நாள் ஆகும். டிரில்லர் இன்ஜினை அணைக்காமல் அரை அங்குலம் மேலே, அரை அங்குலம் கீழே என்று அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.